கேமரா அருமை, ஃபோகஸ்தான் காலை வாரியது

மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் ரோபோ தொலைநோக்கி ஒன்றை இரண்டு வருஷமாகப் பயன்படுத்துகிறேன். அரை மீட்டர் கண்ணாடி. எந்த விண்மீன், எத்தனை நொடி, எந்த ஃபில்டர் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போய்விடலாம். மேகம் இருக்கிறதா என்று பார்த்துக் கூரையைத் திறப்பதும் அதுதான், மூடுவதும் அதுதான். சமீபத்தில் பழைய சிசிடி கேமராவைக் கழற்றிவிட்டு, படத்தை வேகமாகப் படித்தெடுக்கும் சிமாஸ் சென்சார் கேமரா பொருத்தினார்கள். கையோடு மென்பொருளையும் மாற்றினார்கள்.

கேமராவில் குறையே இல்லை. நான் எடுப்பது கோள் கடப்பு, அதாவது ஒரு கோள் தன் விண்மீனுக்குக் குறுக்கே போவது. வானத்தில் டம்ப்பெல் நெபுலா என்ற வாயு மேகத்துக்குப் பக்கத்தில் எச்டி 189733 என்றொரு விண்மீன். அதன் கோள் 2.2 நாளுக்கு ஒருமுறை அதைச் சுற்றிவருகிறது. குறுக்கே போகும்போது வெளிச்சம் 2 சதவீதத்துக்குச் சற்று மேல் குறையும். இரண்டு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். பழைய கேமராவில் 10 நொடி படத்தைப் படித்தெடுக்க 20 நொடி ஆகும். வாடகையில் மூன்றில் இரண்டு பங்கு காத்திருப்பதற்கே போனது. இப்போது ஒரு நொடிதான். ஒரு கடப்புக்குச் சுமார் 200 அளவீட்டுப் புள்ளி கிடைத்த இடத்தில் 600! ஒளி வளைவின் (நேரத்தோடு வெளிச்சம் மாறுவதைக் காட்டும் வரைபடம்) அடி தட்டையாக இல்லாமல் கிண்ணம்போல் வளைந்திருப்பதை முதல்முறையாக என் சொந்தத் தரவில் பார்த்தேன். விண்மீனின் விளிம்பு நடுவைவிட மங்கல் என்பதால் வரும் வளைவு அது.

வயிற்றெரிச்சல் மென்பொருளால். இந்த விண்மீனின் பருமன், அதாவது பிரகாச அளவு, 7.7; இந்தத் தொலைநோக்கிக்கு அது அதிக வெளிச்சம், கூர்மையாக எடுத்தால் பிக்சல் நிரம்பி வழிந்துவிடும். அதனால் வேண்டுமென்றே ஃபோகஸைக் கலைத்து, விண்மீனை வடை மாதிரி ஆக்கித்தான் எடுப்போம். புது மென்பொருளுக்கு அது பொறுக்கவில்லை. வெப்பநிலை இறங்கியதும், கடப்பின் நட்டநடுவில், தானாகவே ஃபோகஸ் செய்துவிட்டது. 312-வது படம் வரை வடை, 313-லிருந்து ஊசிமுனை. பாதி ராத்திரி வீண்.

புகார் சொன்னதும் மறுநாளே அந்த நேரத்தைத் திருப்பித் தந்தார்கள், அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் தானியங்கி ஃபோகஸை நிறுத்தும் பொத்தானை மூன்றாவது மெனுவுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். நெபுலா படம் எடுப்பவர்களுக்கு அது தேவைப்படாது. என்னைப்போல் வெளிச்சத்தை அளவெடுப்பவர்கள் முதலில் அங்கே போய்விட்டு வாருங்கள். நான் அடுத்த கடப்புக்கு நேரம் வாங்கிவிட்டேன்.