பாண்டியில் 'யாட்டில் கடற்பறவைத் தீவு' விளம்பரம் பார்த்தால் பணம் அனுப்பாதீர்கள்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரிக்கோ கடலூருக்கோ எதிரே கடலுக்குள் தீவு எதுவும் கிடையாது. பறவைகள் சரணாலயம் இருக்கிறது, ஆனால் அது ஊசுட்டேரி, 2008-இல் அறிவித்தது, ஏரி. வடக்கே மரக்காணம் பக்கம் கழுவேலி, 2021-இல் அறிவித்தது, அது சதுப்பு நிலம். இரண்டுக்கும் யாட்டில், அதாவது பாய்மர உல்லாசப் படகில், போக முடியாது.

இப்படியிருக்க, 'பாய்மர யாட்டில் தீவுப் பறவைகள் சரணாலயம், நாலு மணி நேரம், டிபனோடு' என்று இன்ஸ்டாவில் ஒரு விளம்பரம் சுற்றுகிறது. ஐந்து பேருக்கு 18,000 ரூபாய், பாதி முன்பணம். என் மாமனார் பைனாகுலரை விட்டுப் பிரியாத மனிதர், அவருடைய அறுபதாம் கல்யாணத்துக்குப் பரிசாக மச்சான் சிங்கப்பூரில் இருந்தபடியே புக் செய்து முன்பணத்தையும் கட்டிவிட்டான். விளம்பரப் படத்தைப் பார்த்ததும் மாமா சிரித்தார். அதில் இருந்தது அட்லாண்டிக் பஃபின், வட அட்லாண்டிக்கை விட்டு இந்தப் பக்கமே வராத பறவை. போன் போட்டுக் கேட்டால், "சீசனுக்கு வரும் சார்" என்று கூசாமல் சொன்னார்கள். முன்பணம் திரும்பாது என்றும் சொன்னார்கள். சரி, கட்டியதற்குக் கடலையாவது பார்த்துவிட்டு வரலாம் என்று பொங்கல் முடிந்த வாரம் கிளம்பினோம்.

படகுத்துறையில் யாட் இல்லை. "சர்வீஸுக்குப் போயிருக்கு சார்" என்று ஒரு ஃபைபர் படகைக் காட்டினார்கள். நடுவில் ஒரு கம்பம் நட்டு அதில் பாயைச் சுருட்டிக் கட்டியிருந்தார்கள், கடைசி வரை அதை அவிழ்க்கவே இல்லை. கேட்டால் காற்று இல்லையாம். பக்கத்தில் நின்ற மீன்பிடிப் படகுகளில் கொடியெல்லாம் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கிறது, தை மாதத்து வாடை காதுக்குள் ஊதுகிறது, இவருக்குக் காற்று இல்லை! போக வர எல்லாம் டீசல் என்ஜின்தான், புகை முழுக்க எங்கள் முகத்தில். லைஃப் ஜாக்கெட் மூன்றுதான் இருந்தது, மூன்றும் பெரியவர்கள் அளவு. என் எட்டு வயது மகளுக்கு ஒன்றை மாட்டினால் தலைவழியே கழன்று வந்தது. படகின் பக்கவாட்டில் பதிவு எண்ணும் இல்லை. இதைக் கேட்டபோதுதான் ஓட்டியவர் முதல்முறையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பாதி வழியில் என்ஜினை அணைத்துவிட்டு, "ஃபாரஸ்ட் டிக்கெட், தலைக்கு 500" என்றார். ரசீது கேட்டால் திரும்பும்போது தருவதாகச் சொன்னார். தண்ணீருக்கு நடுவில், குழந்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வது, 2,500 கொடுத்தோம். ரசீது இன்றுவரை வரவில்லை. வனத்துறை நுழைவுக் கட்டணம் வாங்கினால் சீட்டு கொடுக்கும், அந்தப் பணம் படகுக்காரர் சட்டைப்பைக்குப் போகாது.

கடைசியில் வந்து சேர்ந்தது முகத்துவாரத்தில் அலை ஒதுக்கிய ஒரு மணல் திட்டு. "இதுதான் சார் தீவு." யாட் என்று சொன்னதே பொய் என்பதும் அங்கேதான் தெரிந்தது, ஏனென்றால் அடியில் கீல், அதாவது தண்ணீருக்குள் நீளும் கனமான தகடு, வைத்த யாட்டுக்குப் பொதுவாக ஒரு மீட்டருக்கு மேல் ஆழம் வேண்டும், மணல் தூர்ந்த அந்த முழங்கால் தண்ணீருக்குள் அது வந்திருக்கவே முடியாது.

ஆனால் பறவைகள் இருந்தன, அதை மறைக்க மாட்டேன். பழுப்புத்தலைக் கடற்காகங்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தன, ஓரத்தில் கொண்டை ஆலாக்கள் எல்லாம் காற்றுக்கு எதிரே முகம் வைத்து வரிசையாக நின்றன. மாமா பைனாகுலரைக் கண்ணில் வைப்பதற்குள் படகில் வந்த பையன் குதித்து ஓடி, கைதட்டிக் கத்தி மொத்தக் கூட்டத்தையும் கிளப்பிவிட்டான். "பறக்குற ஷாட் எடுத்துக்கங்க சார்!" மாமா அவ்வளவு கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "டேய் தம்பி, விரட்டாதடா, அதுங்க இளைப்பாற வந்திருக்குடா" என்று கத்தினார். குளிர்காலத்துக்கு வெகுதூரம் பறந்து வரும் பறவைகள், தின்று தேற்றிய தெம்பை இப்படி ஒவ்வொரு படகு வரும்போதும் பறந்தே தீர்க்க வேண்டியிருக்கிறது. ஆலாக்கள் வெறும் மணலைக் கொஞ்சம் பறித்து அதிலேயே முட்டையிடுபவை. முட்டை இருக்கும் திட்டில் இதையே செய்தால், தாய் எழுந்த கொஞ்ச நேரத்தில் வெயிலில் முட்டை வெந்துபோகும். பணம் போனதைவிட இதுதான் மாமாவுக்கு ஆறவில்லை.

நாலு மணி நேரம் என்றது ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. டிபன் ஒரு பாக்கெட் பிஸ்கட். கரையில் இறங்கியதும் மிச்சப் பணத்துக்குக் கை நீட்டினார்கள், தர மாட்டோம் என்றதும் நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள், கொடுத்துவிட்டுத்தான் வந்தோம். அப்புறம் வாட்ஸ்அப்பில் பிளாக்.

நிஜமாகவே தீவில் கடற்பறவை பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு: ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து அறிவித்த தேசியப் பூங்கா உண்டு, வனத்துறையைக் கேட்காமல் கால் வைக்க முடியாது. லட்சத்தீவில் பிட்டி என்ற சின்னத் தீவில் ஆலாக்கள் கூடு வைக்கின்றன, ஆனால் லட்சத்தீவுக்குப் போவதற்கே அனுமதிச் சீட்டு வேண்டும். காலையில் 500 ரூபாயைக் கொடுத்துவிட்டு ஏறிப் போய்விடும் இடங்கள் இல்லை இவை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். பணம் போனது ஒரு தனி ஆளின் ஜிபே கணக்குக்கு, பில் கிடையாது, அதனால் ஸ்கிரீன்ஷாட்தான் ஆதாரம். நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, அங்கேயும் போவதாக இருக்கிறோம். உங்களில் யாரிடமாவது இதே 'ஃபாரஸ்ட் டிக்கெட்' பணம் வாங்கியிருந்தால், எந்தத் தேதி, எந்த எண்ணுக்குப் பணம் போனது என்று எனக்கு இன்பாக்ஸ் செய்யுங்கள், சேர்த்தே கொடுத்துவிடலாம்.