ரங்கூனில் அம்மாவின் நடையை அளந்தார்கள்

பக்கவாதம் வந்து அம்மாவுக்கு இடது பக்கம் தளர்ந்தபிறகு, சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போனால் என் நேரத்தில் பாதி பிசியோதெரபி அறைகளில்தான் கழிகிறது. இந்த முறை, ஆள் நிற்பதையும் நடப்பதையும் கருவி வைத்து அளக்கும் தனியார் நிலையம் ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டு அழைத்துப் போனேன். கட்டணம் சிங்கப்பூரோடு பார்த்தால் குறைவு, உள்ளூர்ச் சம்பளத்துக்கு அதிகம். மியன்மார் நாணயமான சாட்டின் மதிப்பு நிலையாக இல்லாததால் தொகையைச் சொல்லிப் பயனில்லை.

முதலில் பலகை. பார்க்க எடை பார்க்கும் மெஷின் போலத்தான் இருக்கிறது. நான்கு மூலைகளிலும் விசையை உணரும் செல்கள். ஏறி நின்றால் உடம்பின் பாரம் எந்த இடத்தில் விழுகிறது என்று கணக்கிட்டுத் திரையில் ஒரு புள்ளியாகக் காட்டும். அந்தப் புள்ளி ஓயாமல் அலைகிறது. “நான் சும்மாதானே நிக்கிறேன், அது ஏன் ஓடுது?” என்று அம்மா கேட்டார். சிகிச்சை தந்த சயாமா (பர்மிய மொழியில் ஆசிரியை போன்ற பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல்) சிரித்துக்கொண்டே, யார் நின்றாலும் அப்படித்தான், எவ்வளவு அலைகிறது என்பதுதான் விஷயம் என்றார்.

கண்ணைத் திறந்து ஒரு தடவை, மூடி ஒரு தடவை, அப்புறம் மெத்தென்ற ஃபோம் மேல். விழாமல் நிற்க நமக்குக் கண், உள்காது, பாதமும் மூட்டுகளும் தரும் உணர்வு ஆகிய மூன்றும் வேண்டும். கண்ணை மூடினால் ஒன்று போய்விடும். ஃபோம் மேல் ஏறினால் பாதம் சொல்வது மங்கிவிடும். அம்மாவுக்குப் பல வருடச் சர்க்கரை, பாதம் ஏற்கெனவே மரத்துத்தான் இருக்கிறது. கண்ணை மூடிய உடனே புள்ளி திரையின் ஓரம்வரை போனது, சயாமாவின் கை அம்மாவின் இடுப்புக்குப் பின்னால் வந்துவிட்டது. ஃபோமில் ஏற்றவே இல்லை. ரங்கூனில் ராத்திரி கரண்ட் போவது எத்தனை சாதாரணம் என்று சொல்ல வேண்டியதில்லை. இருட்டில் பாத்ரூமுக்கு எழுந்து போகும் அம்மாவுக்கு அந்தக் கணம் கண்ணை மூடிக்கொண்டு நிற்பதற்குச் சமம். அன்று மாலையே கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவே பேட்டரி விளக்கு மாட்டினோம்.

இன்னொன்றையும் பலகைதான் காட்டிக்கொடுத்தது. உடம்புப் பாரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வலது காலில். கணுக்கால்வரை தமெயின் (பர்மியப் பெண்கள் இடுப்பில் சுற்றும் கைலி) கட்டியிருப்பவர் எந்தக் காலில் சாய்கிறார் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

அடுத்து இடுப்பில் ஒரு பெல்ட், அதில் தீப்பெட்டி அளவு சென்சார். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 1991 முதல் உலகமெங்கும் செய்யும் சோதனை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்குப்படி, முதியவர் ஒருவருக்கு 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் உண்டு. அம்மாவுக்கு அதைவிட எவ்வளவோ அதிகம். ஸ்டாப்வாட்ச் மொத்த நேரத்தை மட்டும் சொல்லும். சென்சார் எழுவது, நடப்பது, திரும்புவது என்று பிரித்துத் தருகிறது. அம்மா எழுவதில் பெரிய சிக்கல் இல்லை, திரும்பும்போதுதான் நின்று நின்று குட்டிக் குட்டி அடியாக வைக்கிறார். எங்கள் சமையலறையில் இரண்டு அடிக்கு ஒருதரம் திரும்ப வேண்டும்! அகலமாக வளைந்து திரும்பப் பழக்கினார் சயாமா.

அதன் நடுவிலேயே கரண்ட் போனது. ஜெனரேட்டர் வருவதற்குள் கம்ப்யூட்டர் அணைந்து, எடுத்த அளவும் போயிற்று. சயாமா அலட்டிக்கொள்ளவில்லை. தரையில் டேப் ஒட்டிய கோடு இருந்தது, கையில் போன் இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் நேரம் எடுத்து நோட்டில் எழுதிக்கொண்டார். அந்த நிலையத்தில் எனக்கு மிகவும் பிடித்தவர் அவர்தான்.

பிடிக்காதது, விற்கும் விதம். திரையில் தெரியும் வட்டத்துக்குள் உடம்பைச் சாய்த்துப் புள்ளியைக் கொண்டுபோகும் விளையாட்டைப் பேக்கேஜாகத் தருகிறார்கள். ஸ்கோர் ஏறும், அம்மாவுக்கும் சந்தோஷம். ஆனால் பக்கவாதம் வந்தவர்களுக்கு இத்தகைய பலகைப் பயிற்சி தந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2004ஆம் ஆண்டின் காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் சர்வதேச அமைப்பு) மதிப்பாய்வு, இரண்டு காலிலும் சமமாக நிற்பது மேம்படுகிறது, நடையில் பலன் தெரியவில்லை என்றுதான் சொன்னது. அதைவிட எரிச்சல், இரண்டாவது அளவு. முதல்முறை பாதங்களைச் சேர்த்து வைத்து நிற்கச் சொன்னார்கள். அடுத்தமுறை வேறொரு பையன் வந்து, வசதியாக அகட்டி நிற்கவிட்டான். அகட்டி நின்றால் யாருக்குமே ஆட்டம் குறையும். அச்சடித்த தாளில் ‘முன்னேற்றம்’ என்று பச்சை அம்புக்குறி. கேட்டதற்கு மேனேஜர் பதில் சொல்லாமல் அடுத்த பேக்கேஜைப் பற்றிப் பேசினார்.

அம்மாவுக்கு வேண்டியதெல்லாம் நாலாவது மாடியிலிருந்து இறங்கித் தெருமுனை டீக்கடை வரை போவது. கீழிருந்து இழுத்தால் மாடி வீட்டில் மணி அடிக்கும்படி மேலிருந்து தொங்கும் கயிறுகளுக்கு நடுவே கால் வைத்தால், சாக்கடைமேல் போட்ட சிமெண்ட் பலகைகள் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் ஆடும். அந்தத் தரையை எந்தப் பலகையும் அளக்காது. பேக்கேஜை விட்டுவிட்டுச் சயாமாவை வீட்டுக்கு வரச் சொன்னேன். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தளர்ந்த கால் முதலில். எங்கள் படிக்கட்டில் கைப்பிடி ஒரே பக்கம். ஏறும்போது வலது கைக்குக் கிடைப்பது, இறங்கும்போது தளர்ந்த இடது கைப்பக்கம் போய்விடுகிறது. அதனால் முதுகைக் காட்டிப் பின்பக்கமாக இறங்கப் பழக்கினார். கீழ்ப்படியில் எப்போதும் ஒருவர் நிற்க வேண்டும் என்பது கட்டாயம்.

கருவி உள்ள இடத்துக்குப் போகிறவர்கள் தாராளமாகப் போங்கள், ஒருமுறையாவது. பாதம் வைத்த விதம், செருப்பு உண்டா இல்லையா, எந்த நேரம் என்பதைத் தாளில் எழுதி வாங்குங்கள். எங்கள் வீட்டில் இப்போது அண்ணி மாதம் ஒருமுறை ஸ்டாப்வாட்ச் வைத்து நேரம் எடுத்து வைபர் செயலியில் அனுப்புகிறார். போன தடவை நேரம் சட்டென்று குறைந்திருந்தது. விசாரித்தால், உயரமான புது நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார். பழைய நாற்காலியிலேயே மறுபடி எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.