‘நாளைக்கு வாங்க’ என்றால் கோபப்படும் முன்

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு வங்கிக் கிளை. கல்லூரிக் காலத்துச் சேமிப்புக் கணக்கு முடங்கிக் கிடக்கிறது. திறக்கப் போனால் கவுண்டரில் இருக்கிற அக்கா சொல்கிறார்: “இன்னைக்கு ஆகாதுங்க, ஆபீசர் மீட்டிங் போயிட்டாருங்க. நாளைக்குப் பதினொரு மணிக்கு மேல வாங்க.” வெளிநாட்டிலிருந்து எண்ணி எடுத்த லீவில் வந்தவர்களுக்குச் சுர்ரென்று ஏறுவது இங்கேதான். சோம்பல், இல்லையென்றால் காசுக்கு அடிபோடுகிறார் என்று மனசு தீர்ப்பே எழுதிவிடும்.

நடப்பது வேறு. இரண்டு வருடத்துக்கு மேல் நாமாகப் போடவோ எடுக்கவோ இல்லையென்றால் கணக்கு செயலற்றதாகிவிடும். ரிசர்வ் வங்கி விதி அது. வங்கி தானாக வரவு வைக்கும் வட்டியை நாம் போட்டதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மீண்டும் திறக்க, கவுண்டரில் ஒருவர் பதிய வேண்டும், அதிகாரி தன் ஐடியில் ஒப்புதல் தர வேண்டும். சின்னக் கிளையில் அந்த ஒரு ஆள் இல்லையென்றால் வேலை நின்றுவிடும். பணம் எடுக்கப் பித்தளை டோக்கன் வாங்கிக் காத்திருந்த காலத்திலும் கிளார்க் எழுதியதை அதிகாரி சரிபார்த்த பிறகுதான் நம்பரைக் கூப்பிட்டார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த நமக்கு அது தெரியவில்லை, அவ்வளவுதான். மெல்போர்னில் “ஐந்து வேலை நாள் ஆகும்” என்று மெயில் வந்தால் வாய் திறக்காமல் காத்திருக்கிற ஆட்கள்தானே நாம்!

“ஏனுங்க்கா, எந்த எடத்துல நிக்குதுங்க?” என்று கேளுங்கள். பாதி நேரம் சிக்கல் நம் காகிதத்தில் இருக்கும். பதினெட்டு வயதில் தமிழில் போட்ட கையெழுத்து வங்கியில் இருக்க, இப்போது இங்கிலீஷில் கிறுக்கினால் எப்படி ஒத்துப்போகும்? பழைய சிம்மை 90 நாள் தொடாமல் விட்டால் நிறுத்திவிடுவார்கள்; எண் வேறு யாருக்காவது போயிருக்கலாம், அப்போது ஓடிபி அவருக்குப் போகும். வெளிநாட்டில் வேலைக்குப் போனவர்கள் சாதாரணக் கணக்கை என்ஆர்ஓ, அதாவது வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான ரூபாய்க் கணக்கு, ஆக்க வேண்டும், அதற்குத் தனிப் படிவம். அதன் வட்டியில் 30 சதவீத வருமான வரியும், அதற்கு மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் பிடிப்பார்கள், அலறாதீர்கள். பாஸ்போர்ட், விசா, அந்த ஊர் முகவரிச் சான்று, பான் கார்டு, போட்டோ எல்லாம் நகலோடு முதல் நாளே கையில் இருக்கட்டும். இரண்டாம், நான்காம் சனி வங்கி கிடையாது.

முடங்கிய கணக்கை மீண்டும் திறக்கக் கட்டணம் இல்லை. முழு விண்ணப்பம் கொடுத்தால் 3 வேலை நாளில் முடிக்க வேண்டும். காசு கேட்டாலோ, அதையும் தாண்டி இழுத்தாலோ, எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் வங்கிகள் மேலான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது.