தாத்தாவின் நாலு நாற்காலியும் தெற்குவாசல் பாயும்

தாத்தாவின் பழைய நாற்காலிகளைப் பட்டறையில் கொடுத்துப் புதுப்பித்து வாங்கினேன். முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். ஸ்பிரிங் வைத்த பர்மா தேக்கு நாற்காலி நாலு. ஒன்றுக்குக் கூலியும் உள்சாமானும் சேர்த்து 3,400 ரூபாய். மேல்துணி 4 மீட்டர் நானே வாங்கிக் கொடுத்தேன், 1,920 ஆனது. கூடவே கொடுத்த ஒரு சாய்வு நாற்காலிக்குப் பிரம்பு பின்னத் தனியாக 2,200. ஆக மொத்தம் 18,000-க்குக் கொஞ்சம் குறைவு. "இந்தக் காசுக்குப் புது டைனிங் செட்டே வாங்கலாமே அக்கா" என்றான் தம்பி. வாங்கலாம். அந்த விலைக்கு வருவது ரப்பர் மரமும் அழுத்திய பலகையும்தான். ஆணி ஒருமுறை இளகினால் அவ்வளவுதான், அதைத் திரும்ப இறுக்க ஆள் கிடையாது.

நாற்காலிகள் அம்மாவின் அப்பா வாங்கியவை. தேவகோட்டையில் ஒரு வீட்டுச் சாமான்கள் விலைக்கு வந்தபோது எடுத்தாராம். அம்மாவுக்கு அப்போது ஆறு வயது. பன்னிரண்டு வருஷம் முன்னால் வேறொரு கடையில் இவற்றைக் கொடுத்து நான் ஏமாந்தேன். பழைய நாரை அள்ளிக் கொட்டிவிட்டு ஃபோமை வைத்து, மேலே பழுப்பு ரெக்ஸினை இழுத்து அடித்துக் கொடுத்தார்கள். மரத்துக்குப் பளபளவென்று வார்னிஷ் வேறு. இரண்டு கோடை தாண்டியதும் ரெக்ஸின் தொடையில் ஒட்ட ஆரம்பித்தது, அப்புறம் வெடித்தது. உள்ளே ஃபோம் மஞ்சள் பொடியாக உதிர்ந்து, தினமும் காலையில் நாற்காலிக்கு அடியில் பெருக்க வேண்டியிருந்தது.

மதுரை தெற்குவாசல் பக்கம் ஒரு சந்தில் இருக்கிறது இந்தமுறை நான் கொடுத்த பட்டறை. பெயர்ப்பலகை இல்லை. வாசலில் காலொடிந்த சோபா ஒன்று எப்போதும் கிடக்கும், அதுதான் அடையாளம். பட்டறைக்காரர் பாய்க்கு அறுபது தாண்டியிருக்கும். கூட அவர் மருமகனும் ஒரு பையனும். நான் நாற்காலியை இறக்கியதும் அவர் துணியைப் பார்க்கவே இல்லை. தலைகீழாகக் கவிழ்த்து, காலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். "மேல் வேலை கடைசிலதான் டீச்சர். மொதல்ல இது நிக்கணும்" என்றார். அந்த இடத்திலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

பழைய தச்சர்கள் பொருத்துகளை வஜ்ரம் காய்ச்சி ஒட்டியிருந்தார்கள். தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை அது. சூடும் ஈரமும் பட்டால் இளகிவிடும். அதனால் மரத்தை உடைக்காமல் பொருத்தைக் கழற்ற முடிகிறது என்று பாய் காட்டினார். வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்துக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். கழுந்து, அதாவது துளைக்குள் செருகியிருக்கும் மரமுனை, முழுசாக உருவி வந்தது. சுரண்டி, புதுப்பசை தடவி, நாலு காலையும் கயிற்றால் சுற்றி, நடுவில் ஒரு கட்டையைச் செருகி முறுக்கி, ஒரு நாள் முழுக்க அப்படியே வைத்தார். முந்தைய கடைக்காரர்கள் ஆணி அடித்து அடித்துச் சட்டத்தின் ஓரமெல்லாம் சல்லடையாக இருந்தது. ஒவ்வொரு துளையிலும் தேக்குச் சிம்பைப் பசையில் தோய்த்து இறக்கினான் அந்தப் பையன். ஒரு நாற்காலியில் மட்டும் எழுபதுக்கு மேல் எண்ணினேன்.

இருக்கையைப் பிரித்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். ரெக்ஸின், ஃபோம், அதற்கும் கீழே பழைய சாக்கு. ஸ்பிரிங் நன்றாகவே இருந்தது, அதைக் கட்டியிருந்த சணல்தான் மக்கிப்போயிருந்தது. ஒரு ஸ்பிரிங்குக்குள் இரண்டு புளியங்கொட்டை கிடந்தன, ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கியவை. வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தாள். மழைநாளில் அந்த நாற்காலிகளைச் சுற்றிப் போட்டுத்தான் தாயம் ஆடுவார்களாம்.

புது வேலை அடியிலிருந்து மேலே இப்படி வந்தது: சணல் பட்டையை ஊடும்பாவுமாக இழுத்து அடித்து, அதன்மேல் பழைய ஸ்பிரிங்கையே நிறுத்தி, நாலா பக்கமும் மூலைக்கு மூலையும் கயிறு இழுத்துக் கட்டினார். மேலே சாக்கு, தேங்காய் நார், பிறகு ஒரே ஒரு அங்குலம் ஃபோம், பஞ்சு, காடாத் துணி. ஃபோம் 40 டென்சிட்டி. ஒரு கன மீட்டருக்கு 40 கிலோ எடை என்று அதற்கு அர்த்தம். இருக்கைக்கு 23-ஐப் போட்டால் சீக்கிரமே குழி விழுந்துவிடும், அதனால் எங்கே செய்தாலும் இதைக் கேட்டு, வெட்டும்போது பார்த்துக்கொள்ளுங்கள். நாரும் ஸ்பிரிங்கும் பாரத்தைத் தாங்குகின்றன, ஃபோம் மேல் மெத்தென்று இருப்பதற்கு மட்டும்தான். உட்கார்ந்தால் அமுங்குகிறது, எழுந்தால் நிமிர்ந்துவிடுகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. இப்போது கைப்பிடியை ஊன்றாமல் எழுகிறாள்.

துணி விஷயத்தில்தான் எங்களுக்குள் வாக்குவாதம். அம்மாவிடம் ஒரு கண்டாங்கிச் சேலை இருந்தது, காரைக்குடி நெசவு, அரக்கும் கடுகு மஞ்சளும் கட்டம் போட்டது. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய சேலை. அதை வெட்டி நாலு நாற்காலிக்கும் முழுசாகப் போட வேண்டும் என்று எனக்கு ஆசை. பாய் சேலையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். "இது உடுத்துற துணி டீச்சர். உக்கார்ற துணி வேற." எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் அவர் சொன்னபடியே, முதுகுச் சாய்மானத்தின் பின்பக்கத்துக்கு மட்டும் கண்டாங்கி, உள்ளே காடா வைத்துத் தைத்தது. இருக்கைக்கும் சாய்மானத்தின் முன்பக்கத்துக்கும் கரூரிலிருந்து வரும் தடித்த பருத்தி, கடுகு மஞ்சள். ஓரத்தில் அரக்கு நிறத்தில் பைப்பிங். சாப்பாட்டு மேசையில் நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டால் பின்பக்கம்தானே கண்ணில் படுகிறது! கூடத்துக்குள் நுழைகிறவர்களுக்கு முதலில் தெரிவது நாலு கண்டாங்கிக் கட்டம்தான். அவர் சொன்னது சரி.

மரத்துக்கு அந்த வார்னிஷைச் சுரண்டி எடுத்துவிட்டு அவலரக்கை (ஷெல்லாக்) துணிப்பொட்டலத்தால் தேய்த்துத் தேய்த்து ஏற்றினார்கள். கண்ணாடிபோல மின்னாது. தேக்கின் ரேகை தெரிகிறது.

சாய்வு நாற்காலிக்கும் குஷன் போடச் சொன்னேன். பாய் முடியாது என்றார். கூலி கிடைக்கிற வேலையை வேண்டாம் என்று சொன்ன ஒரு கடைக்காரரை நான் முதல்முறையாகப் பார்த்தேன். "மதுரை வெயிலுக்குப் பிரம்புதான் டீச்சர். அதுமேல பஞ்சு வச்சா காத்து எங்க போகும்?" என்று சொல்லி, பிரம்பு பின்னுகிறவரை அவரே அழைத்துவந்தார். வந்தவர் பார்வையற்றவர். ஊறவைத்த பிரம்பை வாங்கி, விரலால் துளையைத் தடவித் தடவி, நேர் இரண்டு, குறுக்கு இரண்டு, மூலைவாட்டில் இரண்டு என்று ஓட்டினார். இரண்டு நாளில் முடிந்தது. காய்ந்ததும் மத்தளம்போல இறுகிவிட்டது. மாதம் ஒருமுறை அடிப்பக்கம் தண்ணீர் தெளித்தால் தொய்யாது என்று சொல்லிப் போனார். செய்கிறேன்.

குறையும் உண்டு. பதினைந்து நாள் என்று சொன்ன வேலை ஐந்து வாரம் இழுத்தது, கேட்டால் "நாளைக்கு" என்ற பதில்தான். ரசீது கிடையாது, அதனால் முன்பணம் கொடுத்ததை நானே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். வண்டி நாம்தான் பிடிக்க வேண்டும். நாலாவது நாற்காலியின் முதுகில் கண்டாங்கிக் கட்டம் ஒரு விரல் கடை சாய்ந்திருக்கிறது. மற்ற மூன்றும் நேராக இருப்பதால் வரிசையாகப் போட்டால் உறுத்துகிறது. கொண்டுவந்தால் பிரித்துத் தைத்துத் தருகிறேன், காசு வேண்டாம் என்றிருக்கிறார். சேலையில் மிச்சம் ஒரு முழம்தான் இருக்கிறது, பொங்கல் விடுமுறையில் எடுத்துப்போக வேண்டும்.

நீங்கள் போவதானால் முதலில் ஒரே ஒரு நாற்காலியைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். பிரிக்கும்போது கூட இருங்கள், உள்ளே இருப்பதைத் தூக்கிப் போட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் கடை மூடியிருக்கும். சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் போனால் பாய் நின்று பேசுவார்.