கே40 லேசர்: ரயில் மாதிரிக் கட்டட கிட் தொழிலுக்குத் தாங்குமா?

எச்ஓ (1:87) அளவில் ரயில் நிலையம், சரக்குக் கிடங்கு, தண்ணீர்த் தொட்டி என்று மரக் கிட்டுகள் செய்து விற்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் விலை விசாரிக்கிற இயந்திரம் கே40. 40 வாட் என்று எழுதிய சின்ன கார்பன் டை ஆக்சைடு லேசர். இது ஒரே நிறுவனத்தின் பொருள் கிடையாது. சீனாவில் பல பட்டறைகள் ஏறத்தாழ ஒரே அமைப்பில் செய்ய, பல கடைகள் பல பெயர்களில் விற்கின்றன. அமெரிக்காவில் 400 டாலர் சுமாருக்குக் கிடைக்கும். ஒரே கிட்டை ஐம்பது பெட்டி போட வேண்டும். முதல் பெட்டியின் சுவரும் ஐம்பதாவது பெட்டியின் சுவரும் ஒரே மாதிரி பொருந்த வேண்டும். இந்த அளவுகோலில் வைத்துத்தான் இங்கே இயந்திரத்தை எடைபோடுகிறோம்.

ஜார்ஜ் செலியோஸ் 1967-இல் தொடங்கிய ஃபைன் ஸ்கேல் மினியேச்சர்ஸ் போன்ற பழைய கிட்டுகளில் மரக்குச்சியை அளந்து வெட்டுவது வாங்கியவரின் வேலை. அரை மில்லிமீட்டர் பிசகினால் அவரே தேய்த்துச் சரிசெய்துகொள்வார். லேசர் வந்த பிறகு அந்தப் பொறுமை போய்விட்டது. பலகையிலிருந்து பிரித்ததும் ஜன்னல் தன் இடத்தில் உட்கார வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். காசு கொடுத்தவர்கள் அப்படிக் கேட்பது நியாயமும்கூட.

மேசையளவு 300க்கு 200 மி.மீ. எச்ஓவில் ஓர் அடிக்கு 3.5 மி.மீ. என்பதால் இது 85 அடிக்கு 57 அடி. அமெரிக்கக் கிராமப்புற நிலையத்தின் நீளச் சுவர் தாராளமாக அடங்கும். 1:48 ஓ அளவுக்கு வந்தால் நீளம் 47 அடியாகச் சுருங்கிவிடும். கிடங்குச் சுவரை இரண்டாக வெட்டி ஒட்டுமாறு செய்ய வேண்டியிருக்கும். இந்த அளவே முழுதாகக் கையில் கிடைக்காது. பின்பக்கத்துப் புகைக் குழாய் உள்ளே நீட்டிக்கொண்டு சில மில்லிமீட்டரைத் தின்னும். நடுவில் இருக்கும் ஸ்பிரிங் வைத்த கவ்வி ரப்பர் முத்திரை பொறிக்க வைத்தது, மரப்பலகைக்கு உதவாது. இரண்டையும் முதல் நாளே கழற்றிவிட்டு, தேன்கூட்டுத் தட்டு ஒன்றைப் போட்டு, இடது பின்மூலையில் ‘எல்’ வடிவத் தடுப்பைத் திருகி வைக்க வேண்டும். ஒவ்வொரு பலகையும் அந்த மூலையில் முட்டி உட்கார்ந்தால்தான் ஐம்பது பெட்டி சாத்தியம்.

பெட்டியில் வராதவற்றையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பல கே40களில் ஏர் அசிஸ்ட் கிடையாது. காற்று ஊதாமல் பாஸ்வுட் என்னும் மென்மரத்தை வெட்டினால் விளிம்பு கரியாகும், தீயும் பிடிக்கும். கூட வரும் புகை விசிறி பலமற்றது. மூடியைத் திறந்தால் லேசரை நிறுத்தும் சுவிட்சு, குளிரூட்டும் தண்ணீர் ஓட்டம் நின்றால் நிறுத்தும் சென்சார் இரண்டும் பெரும்பாலும் இருக்காது. இவற்றையெல்லாம் சேர்க்க இயந்திர விலையில் பாதிவரை ஆகலாம்.

எர்த்திங் விஷயத்தில் மட்டும் எந்தச் சமரசமும் வேண்டாம். லேசர் கதிர் உண்டாகும் கண்ணாடி ட்யூபுக்குப் போவது 15,000 வோல்ட்டுக்கும் மேல். எர்த் திருகுக்கு அடியில் பெயின்ட் அப்படியே இருந்தால் இணைப்பு பெயருக்குத்தான். மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, பிளக்கின் எர்த் முனைக்கும் இயந்திரத்தின் உடம்புக்கும் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். ஓர் ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பெயின்டைச் சுரண்டி, பல்வாஷர் போட்டு இறுக்கிய பிறகே இயக்கலாம்.

40 வாட் என்பது பெயரளவில்தான். இதில் வரும் சுமார் 700 மி.மீ. நீள ட்யூப் நடைமுறையில் 30, 35 வாட் கொடுக்கும். மரக் கிட்டுக்கு அதுவே போதும். 15 மில்லிஆம்பியரைத் தாண்டி ஓட்டினால் ட்யூபின் ஆயுள் வேகமாகக் குறையும். டிஜிட்டல் பலகை வைத்த மாடல்கள் மின்னோட்டத்தை விழுக்காடாகக் காட்டுகின்றன, அது எதையும் சொல்லாது. முள் ஆடும் பழைய ஆம்பியர் மீட்டர் உள்ள மாடலே மேல். இல்லையென்றால் ஒன்றை வாங்கிப் பொருத்துங்கள். குளிரூட்ட டிஸ்டில்ட் வாட்டர் மட்டும். குழாய்த் தண்ணீரும், கார் ரேடியேட்டர் திரவமும் மின்சாரத்தைக் கடத்துவதால் சக்தி கசியும். தண்ணீர் 15 முதல் 20 டிகிரிக்குள் இருப்பது நல்லது. சென்னை, யாழ்ப்பாணம் மாதிரி புழுக்கமான ஊர்களில் ஐஸ் பாட்டிலை அதிகமாகப் போட்டுவிட்டால் ட்யூபின் மேல் வியர்த்து உயர் அழுத்த முனையில் பொறி பறக்கும். அங்கே 22, 23 டிகிரியில் வைத்து, கொஞ்சம் மெதுவாக வெட்டுவதே பாதுகாப்பு.

அடுத்தது அலைன்மென்ட். கிட் தொழிலில் இந்த இயந்திரம் அதிகமாகக் காலை வாருவது இங்கேதான். ட்யூபிலிருந்து வரும் கதிர் மூன்று கண்ணாடிகளில் பட்டு லென்ஸுக்கு இறங்குகிறது. இரண்டாவது கண்ணாடி முன்னும் பின்னும் நகர்கிறது, லென்ஸைத் தாங்கும் தலையில் உள்ள மூன்றாவது இடமும் வலமும் நகர்கிறது. கதிர் தலை நகரும் பாதைக்கு இணையாக இல்லாவிட்டால் தலை விலக விலகப் புள்ளியும் விலகும். கதிர் அதிக தூரம் போகும் வலது முன்மூலையில் முதலில் சக்தி குறைந்து, அங்கிருக்கும் ஜன்னல் சட்டம் மட்டும் பலகையை விட்டு வராது. உடனே மின்னோட்டத்தைக் கூட்டுவது தவறு. கண்ணாடிமேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஒரு சிறு துடிப்பு விட்டு, தலையைக் கிட்டேயும் தூரத்திலும் வைத்துப் பாருங்கள். இரண்டு கருகலும் ஒரே இடத்தில் விழும்வரை முதல் கண்ணாடியின் திருகுகள், பிறகு இரண்டாவதன் திருகுகள் என்ற வரிசையில் திருக வேண்டும். வரிசை மாறினால் முடிவே வராது. அது முடிந்த பிறகுதான் கதிர் லென்ஸின் நடுவில் இறங்குகிறதா என்று பார்ப்பது. வண்டியில் வந்து இறங்கிய இயந்திரம் சரியாக இருக்கும் என்று நம்பக் கூடாது. உற்பத்தி நாட்களில் ஒவ்வொரு காலையும் நான்கு மூலைச் சோதனை ஐந்து நிமிட வேலை.

கோணமும் பார்க்க வேண்டும். ஓர் அட்டையில் 200க்கு 150 மி.மீ. செவ்வகம் வெட்டி, இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தால் இரண்டும் 250 காட்ட வேண்டும். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் 150 மி.மீ. உயரத்தில் சுவர் 0.6 மி.மீ. சாய்கிறது, எச்ஓவில் அது நிஜக் கட்டடம் இரண்டு அங்குலம் சாய்ந்தது போல. நான்கு சுவரை ஒட்டும்போது கூரை ஏறாது. வாங்கியவர் தன் கையைக் குற்றம் சொல்வார், அல்லது உங்களைச் சொல்வார். தலை ஓடும் குறுக்குத் தண்டவாளத்தின் ஒரு பக்கத் திருகைத் தளர்த்தி, சதுரமாக்கி இறுக்கினால் தீர்ந்துவிடும்.

கெர்ஃப் எனப்படும் வெட்டு அகலம் பாஸ்வுட்டில் ஏறக்குறைய 0.15 மி.மீ. பத்து மில்லிமீட்டர் சதுரங்கள் பத்தை வெட்டி வரிசையாகச் சேர்த்து அளந்து பாருங்கள், 98.5 வந்தால் கெர்ஃப் 0.15. வரைபடத்தில் வெளிக்கோட்டை 0.075 வெளியேயும், ஜன்னல் துளையை அதே அளவு உள்ளேயும் தள்ள வேண்டும். வளைந்த பலகையில் ஃபோகஸ் ஒரு மில்லிமீட்டர் விலகினாலே கெர்ஃப் அகன்று, ஜன்னல் துளையில் ஆடும். லென்ஸிலிருந்து பலகையின் நடுக்கனம்வரை 50.8 மி.மீ. என்பது பெயர்க்கணக்கு. சரிவாகச் சாய்த்த ஒரு குச்சியில் கோடு இழுத்து, எங்கே கோடு மிக மெலிதோ அந்த உயரத்தை உங்கள் இயந்திரத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பலகையின் ஓரங்களை காந்தத்தால் அமுக்கி வைப்பது நல்ல பழக்கம்.

மென்பொருள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கூட வரும் நிரலைத் தொடாமல் இலவசமான கே40 விஸ்பரரைப் போடுங்கள். சிவப்புக் கோடு வெட்டு, நீலக் கோடு பொறிப்பு. உள்ளே இருக்கும் துளைகளை முதலில் வெட்டும் வசதியும் இருக்கிறது. அதை மறந்தால் சுவர் விழுந்து நகர்ந்த பிறகு ஜன்னல் வெட்டப்படும்.

ஆனால் கே40இன் உள்ளே இருக்கும் எம்2நானோ கட்டுப்பாட்டுப் பலகையின் பெருங்குறையை எந்த நிரலும் முழுக்கத் தீர்க்காது: லேசரின் சக்தியைக் கணினியிலிருந்து மாற்ற முடியாது. முகப்பில் உள்ள குமிழைக் கையால்தான் திருக வேண்டும். பலகைச் சுவரின் கோடுகளைப் பொறிக்க 5 மில்லிஆம்பியர், வெட்ட 8 என்றால், ஒவ்வொரு பலகைக்கும் இரண்டு முறை குமிழ் திரும்பும். ஐம்பது பெட்டியில் அது எத்தனை நூறு திருப்பல் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு முறை மறந்தால் பலகைக்கோடு சுவரைத் துளைத்துவிடும். 4 மில்லிஆம்பியருக்குக் கீழே ட்யூப் ஒழுங்காகப் பற்றாமல் கோடு விட்டுவிட்டு வரும். அதனால் மெல்லிய பொறிப்புக்கு மின்னோட்டத்தைக் குறைப்பதைவிட வேகத்தைக் கூட்ட வேண்டும்.

செங்கல் சுவரில்தான் இதன் வலி முழுதாகத் தெரியும். அமெரிக்கச் செங்கல் சாந்தோடு சேர்த்து 8 அங்குல நீளம், மூன்று வரிசைக்கு 8 அங்குல உயரம். எச்ஓவில் ஒரு கல் 2.3க்கு 0.78 மி.மீ. சாந்துக்கோடு 0.11 மி.மீ. இருக்க வேண்டும், லேசர் போடும் ஒற்றைக் கோடே அதைவிட அகலம். ஆழம் கொஞ்சம் கூடினாலும் சாந்து பள்ளமாகிக் கல் பொம்மைத்தனமாகத் தெரியும். எச்ஓவில் கவனமாகச் செய்தால் கண்ணுக்கு ஒத்துவரும். 1:160 ‘என்’ (N) அளவில் வரிசை உயரமே 0.42 மி.மீ. என்பதால் இந்த இயந்திரத்தில் முயல வேண்டாம். செங்கல் கட்டடங்களே உங்கள் சரக்கு என்றால் ஜிஆர்பிஎல் வகைக் கட்டுப்பாட்டுப் பலகை ஒன்றை மாற்றிப் போட்டு லைட்பர்ன் என்ற நிரல் மூலம் ஓட்டுங்கள். சக்தி கோட்டுக்குக் கோடு தானே மாறும். அந்தச் செலவைச் செய்யாமல் செங்கல் கிட்டை விற்பனைக்கு வைப்பது வாங்குகிறவருக்குச் செய்யும் அநியாயம்.

மரத்தில் இந்த இயந்திரம் மனசுக்கு நிறைவாக வேலை செய்கிறது. 1.6 மி.மீ. பாஸ்வுட் சுவருக்கு 8 மில்லிஆம்பியர், நொடிக்கு 12 மி.மீ. என்று சோதனையைத் தொடங்கலாம். பலகைக்கோடுகள் நார்வாக்கில் போகட்டும். இரண்டு ஜன்னலுக்கு நடுவே நாருக்குக் குறுக்காக மெல்லிய துண்டு வந்தால் பெட்டி திறப்பதற்குள் ஒடிந்துவிடும். ஜன்னல் சட்டங்களுக்கு லேசர்போர்டு எனும் கெட்டி அட்டை அல்லது 0.8 மி.மீ. பிளைவுட் போடுங்கள். பின்புறம் 3எம் 467எம்பி ஒட்டுப்படலம் இட்டு வெட்டினால் உரித்து ஒட்டும் சட்டமாகிவிடும். பாகம் பலகையிலேயே தங்க 0.4 மி.மீ. வெட்டாத இணைப்பு விடுங்கள். ஒரு முகம் பொறித்த சுவர் பெயின்ட் பட்டதும் வளையும். 3 மி.மீ. சதுரக் குச்சிகளைப் பெட்டியில் வைத்து, உள்பக்கம் ஒட்டும் இடத்தையும் குறிப்பேட்டில் படமாகக் காட்டுங்கள்.

பாலிஸ்டைரீன் உருகி எரியும். பிவிசி தாளை உள்ளே வைக்கவே கூடாது. வரும் புகை நுரையீரலையும் இயந்திரத்தின் தண்டவாளத்தையும் ஒன்றாக அரிக்கும். ஜன்னல் கண்ணாடிக்கு அசிடேட், நுணுக்கமான கதவு ஜன்னலுக்கு டிச்சி போன்ற மாதிரிப் பாக நிறுவனங்களின் அச்சு வார்ப்புகளை வாங்கிச் சேர்ப்பதே சரி.

நேரக் கணக்கு இப்படி: சிறு நிலையம் ஒன்றுக்கு வெட்டுக்கோடு மொத்தம் 25 மீட்டர் என்று வையுங்கள். நொடிக்கு 12 மி.மீ. வேகத்தில் 35 நிமிடம். ஐம்பது பெட்டிக்கு 29 மணி நேரம். பலகை மாற்றுவது, லென்ஸ் துடைப்பது, குமிழ் திருகுவது எல்லாம் இதற்கு வெளியே. முழு நேரமும் ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும், கையெட்டும் தூரத்தில் தீயணைப்பானோடு. மாதம் ஐம்பது பெட்டிவரை கே40 தாங்கும். இருநூறு என்றால் 60 வாட், 600க்கு 400 மி.மீ. மேசை உள்ள இயந்திரத்துக்குப் போங்கள், அல்லது வெட்டும் வேலையை நிமிடக் கூலிக்கு எடுக்கும் லேசர் கடையிடம் கொடுத்துவிட்டு கே40ஐ மாதிரி பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்குவது முடிவானால் உங்கள் ஊர் மின்சாரத்துக்கு ஏற்ற 110 அல்லது 220 வோல்ட் மாடலைக் கேட்டு வாங்குங்கள். வந்த அன்றே ட்யூபில் விரிசல் இருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். தண்ணீரை ஓடவிட்டு, இயந்திரத்தைச் சாய்த்து, உள்ளே தங்கிய காற்றுக்குமிழி முழுக்க வெளியேறும்வரை லேசரைத் தொடாதீர்கள்; குமிழி நின்ற இடத்தில் ட்யூப் சூடேறி உடையும்.