விடுதலையாகி வந்தவருக்கு எந்த வேலை நிலைக்கும்? ராமநாதபுரம் கடற்கரையில் ஓர் ஒப்பீடு

மதுரை மத்தியச் சிறையிலிருந்தோ ராமநாதபுரம் மாவட்டச் சிறையிலிருந்தோ ஒருவர் பாம்பனிலோ தொண்டியிலோ வந்து இறங்கினால், சொந்தக்காரர்கள் முதலில் சொல்வது "படகுக்குப் போ" என்பதுதான். வேலை கிடைப்பது இங்கே அவ்வளவு கஷ்டமில்லை. ஆறு மாதம் கழித்தும் அதே வேலையில் இருப்பதுதான் கஷ்டம். ஆகவே கூலியைப் பிறகு பார்ப்போம். வாய்தாவுக்கு லீவு உண்டா, முதல் காசு எத்தனை நாளில் கைக்கு வரும், வேலை இல்லாத மாதங்களில் அடுப்பு எப்படி எரியும்? இந்த மூன்றும்தான் முதலில்.

விசைப்படகில் காசு சீக்கிரம் வரும், கரைக்கு வந்ததுமே கணக்குப் பார்ப்பார்கள். ஆனால் ராமேஸ்வரத்தில் காலையில் போகும் படகு மறுநாள் காலைதான் திரும்பும். தினமும் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டிய நிபந்தனை ஜாமீனில் இருப்பவருக்கு இது ஒத்தே வராது. பெரிய ஆபத்து எல்லையில் இருக்கிறது. இலங்கைக் கடற்படை பிடித்துவிட்டால் அங்கே ஒரு வழக்கு; இங்கே வாய்தா தவறி பிடிவாரண்டு. ஒரே நாளில் இரண்டு நாட்டு நீதிமன்றத்திலும் பெயர் ஏறிவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வேறு. அதற்கான நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக்குவதாக 2023இல் மண்டபம் மீனவர் மாநாட்டில் அரசு அறிவித்தது. உள்ளே இருந்த காலத்தில் மீனவர் பதிவு விட்டுப்போயிருந்தால் அதுவும் வராது. அந்த இரண்டு மாதத்துக்கு முதலாளியிடம் முன்பணம் வாங்கினால், அடுத்த சீசனில் வேறு படகு மாற முடியாது.

கடல்பாசி வளர்ப்புக்கு யாரும் நன்னடத்தைச் சான்று கேட்பதில்லை. வாய்தா அன்று கடலில் இறங்காவிட்டாலும் பாசி வளரும். 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவையில் 20 கயிறு கட்டி, கயிற்றுக்கு 20 முடிச்சாக, ஒவ்வொன்றிலும் சுமார் 150 கிராம் கப்பாபைகஸ் என்ற பாசி வகையின் துண்டு வைக்க வேண்டும். ஆக விதைப்பாசி மட்டும் 60 கிலோ. 45 நாளில் நன்றாக வந்தால் 200 கிலோவுக்கு மேல் கிடைக்கும். அதில் 60 கிலோவை அடுத்த விதைக்கு எடுத்துவிட்டு மீதியைக் காயவைத்தால் பத்தில் ஒரு பங்குதான் தேறும். அதனால் ஒரு மிதவை, இரண்டு மிதவை வைத்துப் பிழைக்க முடியாது. தினம் ஒன்று கட்டி, தினம் ஒன்று அறுக்க 45 மிதவை வேண்டும். மத்திய மீன்வளத் திட்டத்தின் கணக்கில் மிதவைக்கு 1,500 ரூபாய், மொத்தம் 67,500. அந்தத் திட்டத்தில் பெண்களுக்கு 60 சதவீதம் மானியம், பொதுப்பிரிவு ஆண்களுக்கு 40. அம்மாவோ மனைவியோ மகளிர் குழுவில் இருந்தால் விண்ணப்பம் அவர்கள் பெயரில் போவதே நல்லது.

இதில் ஆட்கள் விட்டுப்போவது முதல் 50 நாளில்தான், அறுத்துக் காயவைக்கும்வரை ஒரு பைசா வராது. கோடையில் தண்ணீர் சூடேறினால் கிளைகள் வெளுத்து ஒடியும். மிதவைக்கு அடியில் வலை கட்டாவிட்டால் மீன் மேய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று நங்கூரத்தோடு பிடுங்கிப் போடும்.

வாலிநோக்கம் உப்பளத்தில் அரசின் உப்புக் கழகமே இருக்கிறது. விடியுமுன் தொடங்கினால் வெயில் ஏறுமுன் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். ஆனால் மழை தொடங்கியதும் பாத்தி நின்றுவிடும். குற்றவாளி என்று தீர்ப்பாகியும் 1958 நன்னடத்தைச் சட்டத்தின்படி தண்டனை இல்லாமல் விடப்பட்டவருக்கு, குற்றத்தீர்ப்பால் சட்டப்படி வரும் தகுதிக்குறைவு வராது என்று அதன் 12ஆம் பிரிவு சொல்கிறது. அரசு சார்ந்த இடத்தில் விண்ணப்பிப்பவர் தீர்ப்பு நகலைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

எங்கள் கணிப்பில் முதல் ஆறு மாதத்துக்குச் சரியானது படகு மராமத்து. தடைக்காலத்தில் படகெல்லாம் கரையேறும்போது இங்கே வேலை குவியும்: அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டுவது, பலகை இடுக்கில் பஞ்சு திணிப்பது, பெயின்ட், இன்ஜின் பிரிப்பது. மற்ற மாதங்களில் இன்ஜின் கோளாறு ஓயாது. உள்ளே வெல்டிங்கோ தச்சோ கற்றவர் உடனே கை கொடுக்கலாம். கூலி படகைவிடக் குறைவு, ஆனால் இரவில் வீட்டில் இருக்கலாம். இந்த வருமானத்தை வைத்துக்கொண்டே பக்கத்தில் பத்து மிதவையில் தொடங்கினால் பாசியின் அந்த 50 நாளும் கடந்துவிடும்.

சாயல்குடி, முதுகுளத்தூர்ப் பக்கம் சீமைக்கருவேல மரத்தில் போடும் கரிமூட்டத்துக்கு முன்பணம் வாங்கிப் போக வேண்டாம். முன்பணத்துக்கு ஆளைக் கட்டிவைப்பது 1976 சட்டப்படி கொத்தடிமை முறை.

எந்த வேலையானாலும் முதலாளியிடம் முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. "அண்ணே, ரெண்டு வருசம் உள்ள இருந்துட்டு வந்திருக்கேன். மாசம் ஒரு நாள் வாய்தா, அன்னிக்கு மட்டும் லீவு வேணும்" என்றால் போதும். தேதிகளை எழுதிக் கொடுக்க வேண்டும். காலை 10.30 கையெழுத்து வேலையைக் கெடுத்தால், மாலைக்கு மாற்றவோ தளர்த்தவோ வழக்கறிஞர் மூலம் அதே நீதிமன்றத்தில் மனுப் போடலாம். வங்கிக் கணக்கு இரண்டு வருடம் இயங்காமல் இருந்தால் முடங்கியிருக்கும். மானியமும் நிவாரணமும் அதில்தான் வரும் என்பதால், ஊருக்கு வந்த முதல் வாரத்திலேயே ஆதாரோடு வங்கிக்குப் போய்த் திறந்துவிட வேண்டும்.