பெற்றோர் குழு: மூன்று வருடம் நடத்திப் பார்த்தபின்

ஆட்டிசம், வளர்ச்சித் தாமதம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் குழு நடத்தப் போகிறீர்களா? ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் கூட்டம் வைத்துவிடாதீர்கள். மதுரையில் அது கறி எடுக்கும் நேரம். பிறகு சமையல், அப்புறம் தூக்கம். எங்கள் குழுவுக்குத் தாக்குப்பிடித்த நேரம் இரண்டாம் சனிக்கிழமை மாலை 4 முதல் 6 வரைதான். சித்திரைத் திருவிழா சமயத்தில் கூட்டமே வேண்டாம், கோரிப்பாளையம் பக்கம் வண்டி நகராது. முகூர்த்த நாளில் பாதிப்பேர்தான் வருவார்கள். அதற்காகத் தேதியை மாற்றினால் அடுத்த மாதம் மீதிப் பாதியும் வராது.

இடத்தில் பார்க்க வேண்டியது தாழ்ப்பாள் போடும் கேட், கழிப்பறை, எதிரொலிக்காத அறை. மண்டபம் இலவசமாகக் கிடைத்தாலும், சத்தம் தாங்காத பிள்ளைகள் பத்து நிமிடத்தில் காதைப் பொத்திக்கொள்வார்கள். எக்கோ பார்க் மாதிரித் திறந்த இடத்தில் பிள்ளை ஓட, அம்மா பின்னால் ஓட, பேச்சு நடக்காது. வீடு வீடாக மாற்றி வைத்தால் மூன்றாம் மாதமே “அவுக வீட்டுல வடை போட்டாக” என்று ஆரம்பித்துவிடும். விடுமுறை நாளில் பிளே ஸ்கூல் வகுப்பறை கேட்டுப் பாருங்கள். தலைக்கு 50 ரூபாய் போட்டால் டீ, சுண்டல், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இரண்டு கல்லூரி மாணவர்களின் பஸ் காசு வரை சரியாக வரும். வாடகை கேட்டால் கட்டுப்படியாகாது.

பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். ஆளுக்கு 7 நிமிடம், மொத்தம் 70. மீதியில் ஒரே ஒரு பிரச்சினையை எடுத்துக்கொண்டு அரை மணி நேரம். கடிகாரம் பார்க்க ஒருவர் இல்லாவிட்டால் முதலில் பேசுகிறவரே முக்கால் மணி நேரத்தைத் தின்றுவிடுவார். பாவம், அவருக்குக் கொட்ட வேறு இடமில்லை. ஆனால் கடைசி நாற்காலியில் ஃபைலை மடியில் வைத்திருக்கும் புது அம்மா வாயே திறக்காமல் போய்விடுவார், மறுபடி வரவும் மாட்டார். “நீங்க இப்படிச் செய்யணும்” என்ற பேச்சு கூடாது. “எங்க வீட்டுல இப்படிச் செஞ்சோம், இது நடந்துச்சு” என்று மட்டுமே சொல்லலாம்.

இந்த அரை மணி நேரத்தில்தான் குழுவின் மதிப்பு தெரியும். முடி வெட்டுவதையே எடுங்கள். சலூனில் பிள்ளை அலறுவது மெஷின் சத்தத்துக்கா, கழுத்தில் விழும் முடித் துணுக்குக்கா, துணியை இறுக்கிக் கட்டுவதற்கா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். சத்தம்தான் என்றால், ஒரு வாரம் ஓடாத மெஷினைக் கையில் கொடுத்து விளையாட விடுவது. அடுத்த வாரம் பக்கத்து அறையில் ஓடவிடுவது. பிறகு அப்பா தலையில் ஓட்டிக் காட்டுவது. செவ்வாய் பல கடைகள் பூட்டியிருக்கும். புதன் மதியம் காலியான கடைக்குப் போய் வெட்டாமல் உட்கார்ந்துவிட்டு மட்டும் வருவது. டாக்டருக்கு இதையெல்லாம் விளக்க நேரம் இருக்காது.

காகித வேலையிலும் குழு கைகொடுக்கும். மாற்றுத்திறனாளிகளுக்கான யுடிஐடி அடையாள அட்டை விண்ணப்பம் பெரும்பாலும் மாட்டுவது இனிஷியலில்: ஆதாரில் ஒரு மாதிரி, பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி. முதலில் அதைச் சரிசெய்துவிட்டுப் போடுங்கள். ஆட்டிசம் போன்றவற்றுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் வரை தரும் மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் தெரபிச் செலவும் வரும் என்பது பலருக்குத் தெரியாது, பில்லைத் தூக்கிப்போட்டுவிடுகிறார்கள். வாசலில் வண்டியை நிறுத்தி போன் பார்க்கும் அப்பாக்களிடம் இந்த வேலையைக் கொடுங்கள், உள்ளே வந்துவிடுவார்கள். அப்பத்தா, அம்மாச்சி ஒருமுறை வந்துவிட்டால் “அவுக அப்பனும் அஞ்சு வயசுலதேன் பேசுனான்” என்ற பேச்சு வீட்டில் குறையும்.

வாட்ஸ்அப்பைத் தேதியும் இடமும் சொல்ல மட்டும் வையுங்கள், அட்மின் மட்டும் எழுதும்படி. திறந்துவிட்டால் காலை வணக்கப் படத்தில் தொடங்கி ஸ்டெம் செல் சிகிச்சை விளம்பரத்தில் முடியும். ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் சொன்ன பிறகும் லட்சக்கணக்கில் கட்டுகிறார்கள். பிள்ளைகளின் படமும் வேண்டாம். மதுரை ஒரு பெரிய கிராமம். மூத்த பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீட்டில் தம்பியைப் பற்றிய பேச்சு எப்படிப் போய்ச் சேரும் என்று சொல்லத் தேவையில்லை. இந்தப் பயத்தாலேயே வராதவர்கள் அதிகம்.

மூன்று வயதுப் பிள்ளையின் பெற்றோரையும் பதினேழு வயதுப் பிள்ளையின் பெற்றோரையும் மாதாமாதம் ஒன்றாக உட்காரவைக்காதீர்கள், இளையவர்கள் மிரண்டுபோவார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். ஆனால் அது கண்டிப்பாக வேண்டும். 18 வயது முடிந்தால், 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் சட்டப்பூர்வ பாதுகாவலர் நியமனத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்பதை மூத்த பெற்றோர்தான் சொல்வார்கள்.

உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கமிருந்து வருகிறவர்களை முதலில் பேசவிடுங்கள். ஆறு மணிக்கு மேல் பஸ்ஸில் நிற்க இடமிருக்காது, பிள்ளை தாங்காது.